பிளாக் ஹாக் காக்பிட்டில் யாரோடு யார்? பைலட் ஜோடிகளும் பி.சி. ஆகும் பாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ ஹெலிகாப்டரில் இரண்டு பைலட்கள் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பொறுப்பு யாருக்கு, அந்த இருவரைச் சேர்த்தது யார், புதிதாக வந்தவர் எப்போது பொறுப்பேற்பார் என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் புரியாது. நாட்டுக்கு நாடு விதிகள் வேறு. இந்தப் பக்கம் அமெரிக்க ராணுவத்தின் யூ.எச்.-60 பிளாக் ஹாக் பிரிவுகளைப் பற்றியது. 1979 முதல் சேவையில் இருக்கும் ஹெலிகாப்டர் இது. இதை இயக்கும் பறப்பு விதிகளும் பயிற்சி முறையும் பொதுவெளியில் கிடைக்கின்றன. கடைசிப் பகுதியில் இந்தியாவின் ஏற்பாட்டையும் தொட்டிருக்கிறோம்.

ஒரு பிளாக் ஹாக்கில் யார் யார் இருப்பார்கள்?

முன்னால் இரண்டு பைலட்கள். அவர்களில் ஒருவர் பி.சி., அதாவது பைலட் இன் கமாண்ட். மற்றவர் பி.ஐ. என்று பதிவேட்டில் எழுதப்படும் துணை பைலட். பின்னால் க்ரூ சீஃப் ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் இருவர். க்ரூ சீஃப் அந்த ஹெலிகாப்டரின் மெக்கானிக். பறக்கும்போது பக்கவாட்டையும் வாலையும் பார்த்துச் சொல்லும் கண்ணும் அவர்தான். மருத்துவ மீட்புப் பிரிவு என்றால் பின்னால் ஒரு பாராமெடிக்கும் வருவார்.

"பைலட்கள் ஓட்டுகிறார்கள், மற்றவர்கள் உடன் வருகிறார்கள்" என்று நினைப்பது தவறு. குறுகலான இடத்தில் இறங்கும்போது வால் ரோட்டார் மரத்தைத் தொடுமா என்பது முன்னிருக்கையிலிருந்து தெரியாது. க்ரூ சீஃப் சொல்வதை வைத்துத்தான் பைலட் கையை அசைக்கிறார். அதனால் குழுவைச் சேர்க்கும்போது பின்னால் இருப்பவர்களின் அனுபவமும் கணக்கில் வரும். அவர்களுக்கும் பைலட்களைப் போலவே பயிற்சி நிலைகளும் ஆண்டுத் தேர்வும் உண்டு.

பி.சி. என்பது ஒரு ரேங்க்கா?

இல்லை. அது ஒரு நியமனம். யூனிட் கமாண்டர் எழுத்துபூர்வமாகத் தருவது. அந்தப் பறப்பில் ஹெலிகாப்டரை இயக்குவது, எரிபொருள் நிரப்புவது, தரையில் பாதுகாப்பது என எல்லாவற்றுக்கும் இறுதி அதிகாரம் பி.சி.க்கே. பக்கத்து இருக்கையில் அவரைவிட உயர்ந்த ரேங்க் உள்ளவர் இருந்தாலும் இது மாறாது. இரண்டாம் நிலை வாரண்ட் ஆபீசர் (கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்குக் கீழான ரேங்க்) ஒருவர் பி.சி.யாகவும், கேப்டன் ஒருவர் அவருக்குப் பி.ஐ.யாகவும் பறப்பது அன்றாடக் காட்சி. பின்னால் ஜெனரலே உட்கார்ந்திருந்தாலும், வானிலை மோசம் என்று பி.சி. திரும்பினால் ஹெலிகாப்டர் திரும்பும்.

வாரண்ட் ஆபீசர், கமிஷன் பெற்ற அதிகாரி என இரண்டு வகைப் பைலட்கள் ஏன்?

அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் பைலட்களில் பெரும்பான்மையினர் வாரண்ட் ஆபீசர்கள். அவர்களுடைய தொழில் பறப்பது. பதவி உயர்ந்தாலும் காக்பிட்டை விட்டு அதிகம் விலக மாட்டார்கள். டபிள்யூ.ஓ.-1 என்ற முதல் நிலையிலிருந்து ஐந்தாம் நிலை வரை போகலாம். லெப்டினன்ட், கேப்டன் போன்ற அதிகாரிகளின் தொழில் படையை நடத்துவது. அவர்களும் பைலட்தான். ஆனால் பிளாட்டூன், ஸ்டாஃப் வேலை, கம்பெனி கமாண்ட் என்று மேசைக்கும் இழுக்கப்படுவார்கள். அந்த இழுப்பு அவர்களுடைய பறப்பு நேரத்தைத் தின்றுவிடும்.

வாரண்ட் ஆபீசர் பைலட்டாக நுழைய சிஃப்ட் என்ற பறப்புத் தகுதித் தேர்வில் குறைந்தது 40 மதிப்பெண் வேண்டும். அதை வாழ்நாளில் இரண்டு முறைதான் எழுதலாம். ஒரு முறை தேறிவிட்டால், மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக மறுபடி எழுத முடியாது. தனி விலக்கு இல்லாவிட்டால் தேர்வுக் குழுவின் முன் வரும்போது 33 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பயிற்சி முடிந்தபின் 10 ஆண்டுகள் சேவை செய்யும் கடமை உண்டு. 2020 இறுதியில்தான் இந்தக் கடமை இவ்வளவு நீண்டது.

பயிற்சிப் பள்ளி முடித்து வருபவர் உடனே பி.ஐ.யாகப் பணிப் பறப்புகளில் போகலாமா?

முடியாது. அலபாமாவில் உள்ள ஃபோர்ட் ரக்கரில் யூ.எச்.-72 லகோட்டா என்ற பயிற்சி ஹெலிகாப்டரில் அடிப்படைப் பறப்பும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் கருவி வழிப் பறப்பும் கற்று, பிறகு பிளாக் ஹாக்குக்கு மாறி, பைலட் சின்னமான சிறகை மார்பில் குத்திக்கொண்டு வருகிறார். ஆனால் புதிய பிரிவில் அவர் ஆர்.எல்.-3, அதாவது ஆயத்த நிலை மூன்று. எண் குறையக் குறையத்தான் நிலை உயரும்.

ஆர்.எல்.-3இல் அடிப்படைப் பணிகளைத் திரும்ப நிரூபிக்க வேண்டும்: பகல், இரவு, கருவி வழிப் பறப்பு, அவசர நடைமுறைகள். பக்கத்து இருக்கையில் ஐ.பி. எனப்படும் பயிற்சி பைலட் இருப்பார். ஆர்.எல்.-2இல் அந்தப் பிரிவின் பணிகள் தொடங்கும்: கூட்டமாகப் பறப்பது, கீழே சரக்குத் தொங்கவிட்டுப் போவது, நிலத்தை ஒட்டிப் பறப்பது, இருட்டில் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடியோடு இறங்குவது. அதையும் முடித்தால் ஆர்.எல்.-1. முழுநேர ராணுவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 90 நாள், ரிசர்வ் மற்றும் நேஷனல் கார்ட் பிரிவுகளில் ஓராண்டு.

இந்த 90 நாள் காகிதத்தில் தாராளமாகத் தெரியும். நடைமுறையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் நிற்கும், வானிலை கெடும், ஐ.பி. வேறு ஊருக்கு அனுப்பப்படுவார். வாரத்துக்கு ஒரு பறப்பு கிடைத்தால் முந்தைய வாரம் கற்றதை மீட்பதிலேயே பாதி நேரம் போய்விடும். அடுத்தடுத்த நாட்களில் மூன்று நான்கு பறப்புகளைச் சேர்த்துப் போடுவது பல மடங்கு பலன் தரும். நல்ல பிரிவுகள் புதியவர்களின் பயிற்சியை அப்படித்தான் அட்டவணையிடுகின்றன.

மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

பைலட்கள் "ஐந்தும் ஒன்பதும்" என்று சொல்வது இதைத்தான். ஹெலிகாப்டர் கையேட்டின் 5ஆம் அத்தியாயம் இயக்க வரம்புகள். 9ஆம் அத்தியாயம் அவசர நடைமுறைகள். அவசர நடைமுறைகளில் அடிக்கோடிட்ட படிகளைப் புத்தகம் பார்க்காமல் செய்ய வேண்டும். மீதியைச் சரிபார்ப்புப் பட்டியலைத் திறந்து செய்யலாம்.

இதைத் தவிர ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தேர்வு உண்டு. ஒவ்வொருவருக்கும் அது அவர் பிறந்த மாதத்தோடு முடியும் மூன்று மாத காலத்தில் வரும்: எழுத்துத் தேர்வு, கருவி வழிப் பறப்புத் தேர்வு, பொதுவான பறப்புத் தேர்வு. முன்னறிவிப்பு இல்லாத சோதனைகள் தனி.

ஆர்.எல்.-1 ஆனபின் பி.ஐ. காலத்தில் என்ன கற்க வேண்டும்?

பலர் சறுக்குவது இங்கேதான். ஆர்.எல்.-1 ஆகிவிட்டால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். தலை இன்னும் பழக வேண்டும். பி.ஐ. செய்யும் வேலையின் பெரும்பகுதி திட்டமிடுதல்: எடைக் கணக்கு, அந்த வெப்பத்திலும் உயரத்திலும் எஞ்சின் தரக்கூடிய டார்க் (ரோட்டாரைச் சுழற்றும் விசை) அளவு, எரிபொருள், வானிலை, வழித்தடத்தில் உள்ள மின்கம்பிகள், அலைவரிசைகள், மாற்று இறங்குமிடம். இதையெல்லாம் பி.சி. கேட்டபின் தேடினால் நீங்கள் பயணி. கேட்பதற்கு முன்பே எண்ணைச் சொன்னால் நீங்கள் பாதி பி.சி.

எண்களை நிரப்புவதோடு நிறுத்தவும் கூடாது. உதாரணமாக, இறங்குமிடத்தில் நிலத்தின் தாக்கம் (தரையை ஒட்டி இருக்கும்போது கிடைக்கும் கூடுதல் தூக்கல்) இல்லாமல் மிதக்க 95 சதவீத டார்க் வேண்டும், கிடைப்பது 100 சதவீதம் என்று கணக்கு வருகிறது என்று வைப்போம். வித்தியாசம் ஐந்துதான். வெப்பம் கொஞ்சம் ஏறினாலோ, இரண்டு பேர் கூடுதலாக ஏறினாலோ அது கரைந்துவிடும். "ஐந்துதான் மிச்சம், ஒரே மூச்சில் இறங்குவோம், நடுவில் மிதந்து யோசிக்க இடமில்லை" என்று சொல்லும் பி.ஐ.யைத்தான் கமாண்டர்கள் கவனிக்கிறார்கள்.

பி.சி. ஆக எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும்?

ராணுவம் முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. பிரிவுகள் தங்கள் நடைமுறைக் குறிப்பில் குறைந்தபட்சத்தை எழுதிக்கொள்கின்றன. அது இடத்துக்கு இடம் வேறுபடும். அந்த எண்ணைத் தொட்டதாலேயே யாரும் பி.சி. ஆவதில்லை. கமாண்டர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இரவில், முன்பின் தெரியாத இடத்தில், நேற்று வந்த பி.ஐ.யோடு இவரை அனுப்பினால் நான் நிம்மதியாகத் தூங்குவேனா?

மணிநேரத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும். தெளிவான பகலில் ஒரே மைதானத்தைச் சுற்றிய 200 மணிநேரமும், மலையிலும் தூசியிலும் இரவிலும் பறந்த 200 மணிநேரமும் ஒன்றல்ல. பறப்புப் பதிவேட்டில் பகல், இரவு, இரவுக் கண்ணாடி, உண்மையான மேகம் என்று ஒவ்வொன்றையும் தனிக் குறியீட்டில் எழுதுவது அதனால்தான். பி.சி. பரிந்துரைக்கு முன் ஐ.பி. முதலில் புரட்டிப் பார்ப்பதும் அந்தப் பத்திகளைத்தான்.

பி.சி. தேர்வில் என்ன நடக்கும்?

பொதுவாக மூன்று பகுதி. முதலில் வாய்மொழி. விதிகள், வான்வெளி, வானிலை, ஹெலிகாப்டரின் அமைப்புகள் என்று மணிக்கணக்கில் போகும். அடுத்து பறப்பு. வருபவரிடம் ஒரு பணியைக் கொடுத்து, திட்டமிடுவது முதல் குழுவுக்குச் சொல்வது வரை அவரையே நடத்தவிடுவார்கள். ஐ.பி. வேண்டுமென்றே பலவீனமான பி.ஐ. போல நடிப்பார்: தவறான அலைவரிசையைப் போடுவார், உயரத்தைத் தவறவிடுவார், கேட்டால்தான் பதில் சொல்வார். நடுவில் கியர்பாக்ஸில் உலோகத் துகள் எச்சரிக்கை விளக்கு எரிந்ததாகச் சொல்வார். பின்னால் உள்ள பெரிய அதிகாரி வேறு இடத்தில் இறங்கச் சொல்கிறார் என்பார். கடைசியாக கமாண்டரோடு பேச்சு. நியமன உத்தரவில் கையெழுத்துப் போடுவது அவர். ஐ.பி. பரிந்துரைக்கத்தான் முடியும்.

தோற்பவர்களில் பெரும்பாலோர் பறப்பில் தோற்பதில்லை. எல்லாவற்றையும் தாங்களே செய்யப் பார்த்துத் தோற்கிறார்கள். கண்ட்ரோலைக் கையில் வைத்துக்கொண்டே ரேடியோவையும் திருப்பி வரைபடத்தையும் பார்ப்பவர் பி.சி. வேலையைச் செய்யவில்லை. விளக்கு எரிந்ததும் "நீங்கள் ஓட்டுங்கள், நான் பட்டியலைப் பார்க்கிறேன், க்ரூ சீஃப் வலப்பக்கம் புகை வருகிறதா சொல்லுங்கள்" என்று வேலையைப் பிரித்துக்கொடுப்பவர் செய்கிறார்.

இன்னொரு காரணம், முடிவெடுக்கத் தாமதிப்பது. துகள் எச்சரிக்கை வந்தால் கூடிய சீக்கிரம் இறங்க வேண்டும். பின்னால் இருப்பவருக்குக் கூட்டம் இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது.

யாரோடு யார் என்பதை முடிவு செய்பவர் யார்? எதை வைத்து?

அட்டவணையை வரைவது பெரும்பாலும் கம்பெனியின் பறப்புச் செயல்பாட்டுப் பிரிவும் மூத்த ஐ.பி.க்களும். ஆனால் குழுவைத் தேர்ந்தெடுப்பது கமாண்டரின் பொறுப்பு. அது மூன்று படிகளைத் தாண்டி வரும். முதல் படி, இந்தப் பணியை ஏற்கலாமா என்ற ஆரம்ப ஒப்புதல். இரண்டாவது, மிஷன் பிரீஃபிங் ஆபீசர் என்ற, கமாண்டர் நியமித்த அனுபவசாலி பி.சி.யோடு உட்கார்ந்து திட்டத்தைத் துருவுவது. மூன்றாவது, இறுதி ஒப்புதல்.

பறப்புக்கு முன் நிரப்பும் ஆபத்துப் படிவத்தில் குழுவின் அனுபவம், வானிலை, நிலவொளி, ஓய்வு எல்லாம் வரிசையாக இருக்கும். மொத்த ஆபத்து குறைவு என்றால் கம்பெனி கமாண்டர் ஒப்புக்கொள்ளலாம். மிதம் என்றால் பட்டாலியன் நிலை. அதிகம் என்றால் பிரிகேட் கமாண்டரான கர்னல். மிக அதிகம் என்றால் ஜெனரல் நிலைக்குப் போக வேண்டும். ஆபத்தை ஏற்பவர் அதற்குரிய அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

படிவம் ஏமாற்றவும் செய்யும். பி.சி.க்கு 900 மணிநேரம், பி.ஐ.க்கு 150 என்று தனித்தனியாக எழுதினால் கூட்டல் சரியாக வரும். கடந்த இரண்டு மாதத்தில் அந்த பி.சி. எத்தனை இரவு பறந்தார் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். ஸ்டாஃப் வேலையிலிருந்து திரும்பிய 900 மணிநேரப் பைலட்டைவிட, நேற்றும் முந்தாநாளும் பறந்த 500 மணிநேரப் பைலட் அன்றிரவுக்குக் கூடுதல் பாதுகாப்பு. மொத்த அனுபவத்தையும் அண்மைப் பழக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்காத பிரிவுகள், காகிதத்தில் வலுவான, உண்மையில் பலவீனமான ஜோடிகளை உருவாக்குகின்றன.

சேர்க்கக் கூடாத ஜோடிகளில் முதலிடம், போன வாரம் பி.சி. ஆனவரும் போன வாரம் ஆர்.எல்.-1 ஆனவரும். இருவருக்கும் தகுதித் தாள் இருக்கிறது, விதி தடுக்கவில்லை. ஆனால் முதல் எதிர்பாராத சிக்கலில் இருவருமே ஒருவரையொருவர் பார்ப்பார்கள். புதிய பி.சி.க்கு முதல் சில மாதங்கள் திடமான பி.ஐ.க்களையும் மூத்த க்ரூ சீஃப்பையும் கொடுப்பதும், எளிய பகல் பணிகளில் தொடங்குவதும் நல்ல வழக்கம். அதற்கு நேர் எதிரான தவறு, எல்லாப் புதியவர்களையும் எப்போதும் ஐ.பி.யோடே போடுவது. ஐ.பி. பிடித்துக்கொள்வார் என்ற நினைப்பில் பி.ஐ. தன் சந்தேகத்தைச் சொல்லாமல் விழுங்கப் பழகிவிடுகிறார்.

ஒரே ஜோடியை நிரந்தரமாக வைத்தால் நல்லதல்லவா?

ஒருவரையொருவர் நன்றாக அறிந்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது உண்மை. அமெரிக்க ராணுவம் இதை ஒரு கொள்கையாகவே முயன்றிருக்கிறது. ஆனால் 1990களில் நடந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. நெடுநாள் ஒன்றாகப் பறந்த ஜோடிகளுக்கு மிகையான தன்னம்பிக்கை வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஜோடியை நிரந்தரமாக்குவதைவிட எல்லோரும் ஒரே மாதிரியான சொற்களிலும் ஒரே முறையிலும் பேசப் பயிற்றுவிப்பதுதான் கூடுதல் பலன் தந்தது. குழு ஒருங்கிணைப்புப் பயிற்சி கட்டாயமானதற்குப் பின்னால் உள்ள சிந்தனை இதுதான்.

பெரிய பணிக்கு முன் சில வாரங்கள் ஒரே குழுவாகப் பயிற்சி செய்வதில் தவறில்லை. மாதக்கணக்கில் கலைக்காமல் இருப்பதுதான் சிக்கல். க்ரூ சீஃப்களையும் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு பைலட்டின் கெட்ட பழக்கம் மூடிமறைக்கப்படாது.

இரண்டு பி.சி.க்கள் ஒன்றாகப் பறந்தால் இரட்டைப் பாதுகாப்பா?

பல நேரம் இல்லை. இருவருக்கும் முடிவெடுக்கும் பழக்கம் இருக்கிறது, அதனால் யாரும் முடிவெடுக்காமல் போகலாம். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவரும் நினைத்து எரிபொருளை யாரும் பார்க்காத பறப்புகள் இப்படித்தான் நடக்கின்றன. பறப்புப் பதிவில் ஒருவர்தான் பி.சி. மற்றவர் அன்றைக்கு பி.ஐ. இதை என்ஜினைத் தொடங்குவதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இன்று பி.சி. நான். நீங்கள் வழிநடத்தலும் ரேடியோவும். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் சொல்லுங்கள், நான் திரும்புவேன்." ஒரு நிமிடம்கூட ஆகாது.

பி.சி. எந்த இருக்கையில் உட்காருவார்?

இரண்டில் எதிலும் உட்காரலாம். பயிற்சியில் புதியவர் வலப்பக்கம், ஐ.பி. இடப்பக்கம் என்பது வழக்கம். மீட்புக் கயிறு இயந்திரம் வலப்பக்கக் கதவுக்கு மேல் இருப்பதால், கயிறு இறக்கும் பணியில் வலது இருக்கையில் இருப்பவருக்குப் பார்வை சாதகம். பி.சி. அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டுபவர் அங்கே இருந்தால் போதும், பி.சி. இடப்பக்கத்திலிருந்து எஞ்சின் அளவுகளைக் கண்காணிக்கலாம்.

கண்ட்ரோலைக் கைமாற்றும்போது மூன்று முறை சொல்வது எதற்கு?

"கண்ட்ரோல் என்னிடம்" என்று வாங்குபவர் சொல்கிறார். "கண்ட்ரோல் உங்களிடம்" என்று கொடுப்பவர் சொல்கிறார். "கண்ட்ரோல் என்னிடம்" என்று வாங்குபவர் மறுபடி உறுதிசெய்கிறார். மூன்றில் ஒன்று விடுபட்டாலும், இருவரும் பிடித்திருக்கும் கணமோ யாருமே பிடிக்காத கணமோ வந்துவிடும். இரண்டாவதுதான் மோசம். மிதக்கும் ஹெலிகாப்டர் தானாக நிற்காது.

இதனோடு சேர்ந்தது இரட்டை எச்சரிக்கை விதி. ஓட்டுபவர் உயரத்தையோ திசையையோ தவறவிட்டால் மற்றவர் சொல்கிறார். பதில் இல்லை. மறுபடி சொல்கிறார். அப்போதும் பதில் இல்லையென்றால், ரேங்க் பார்க்காமல் கண்ட்ரோலை எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் எளிது: இரண்டு முறை சொல்லியும் பதில் வராதவர் திசைக்குழப்பத்திலோ மயக்கத்திலோ இருக்கலாம். குழுவில் கருத்து வேறுபாடு வந்தால் இருவர் யோசனையில் எது அதிக எச்சரிக்கையானதோ அதைச் செய்துவிட்டு, தரையில் வாதிடுவது என்பது இன்னொரு விதி.

மேகத்துக்குள் தவறி நுழைந்துவிட்டால் குழு என்ன செய்ய வேண்டும்?

கீழே நிலத்தைப் பார்த்துப் பறந்துகொண்டிருக்கையில் எதிர்பாராமல் எதுவும் தெரியாமல் போவது ஹெலிகாப்டர் பைலட்டுக்கு மிகக் கொடிய சூழல்களில் ஒன்று. உள்காது பொய் சொல்லும். சாய்ந்திருப்பதை நேர் என்று உணர்த்தும். அதற்கான படிகள் நான்கு. ஹெலிகாப்டரைச் சமநிலைக்குக் கொண்டுவருவது. திசையைப் பிடித்திருப்பது, எதிரில் தெரிந்த தடை இருந்தால் மட்டும் திரும்புவது. டார்க்கை ஏறும் அளவுக்குக் கூட்டுவது. ஏறுவதற்கான வேகத்துக்கு வருவது. அதன்பின் மற்ற பைலட் விமானக் கட்டுப்பாட்டை அழைக்கிறார்.

நடைமுறையில் பிழைப்பதா இல்லையா என்பது இந்த நான்கு படிக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மேகத்துக்குள் போனதை ஒப்புக்கொண்டு உரக்கச் சொல்ல வேண்டும். "ஒரு நொடியில் வெளியே வந்துவிடுவோம்" என்று கீழே இறங்கித் தேடுபவர்கள்தான் மலையில் மோதுகிறார்கள். எனவே யார் அறிவிப்பது, யார் ஓட்டுவது, எந்தத் திசை, எந்த உயரம் வரை, எந்த அலைவரிசை என்பதை ஒவ்வொரு பறப்புக்கும் முன் பி.சி. குழுவிடம் சொல்லிவைக்க வேண்டும். அந்த வழித்தடத்தின் மலை உயரத்தைப் பார்த்து எண்ணாகவே சொல்ல வேண்டும்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 விபத்துக்குள்ளானதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, பைலட்டுக்குத் திசைக்குழப்பம் ஏற்பட்டது, கட்டுப்பாட்டில் இருக்கும்போதே நிலத்தில் மோதியது என்று விசாரணையின் முதல்கட்ட முடிவு சொன்னது. தேர்ந்த குழுக்களையும் மேகம் விட்டுவைப்பதில்லை.

தூசியில் இறங்கும்போது?

ரோட்டார் காற்று கிளப்பும் தூசி பின்னாலிருந்து முன்னால் வரும். க்ரூ சீஃப் "தூசி வாலில்", "கதவில்" என்று சொல்லிக்கொண்டே வருவார். பைலட்டின் ஜன்னலைத் தூசி அடைவதற்குள் நிலத்தில் ஒரு குறியைக் கண் பிடித்திருக்க வேண்டும். குறி தொலைந்தால், யார் சொன்னாலும் உடனே மேலேறுவது. இதைப் பறப்புக்கு முன்பே பேசிவைக்காவிட்டால் அந்த இரண்டு நொடியில் பேச நேரம் இருக்காது.

இரவுக் கண்ணாடிக்குத் தனித் தகுதி ஏன்?

கண்ணாடி வழியே தெரியும் பரப்பு சுமார் 40 பாகைதான். ஆழம் மங்கும், கம்பிகள் தெரியாது, தலையைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் சீக்கிரம் போய்விடும். அதனால் 60 நாளுக்குள் கண்ணாடியோடு ஒரு மணிநேரமாவது பறந்திருக்க வேண்டும். தவறினால் பயிற்சி பைலட்டோடு சோதனைப் பறப்பு முடித்துத்தான் திரும்ப முடியும்.

59ஆவது நாளில் ஒரு மணிநேரம் பறந்து தேதியைக் காப்பாற்றிக்கொள்பவர் விதிப்படி தகுதியானவர். நிலவில்லாத இரவில் மலைக்கு அனுப்ப அது போதாது. குழு சேர்ப்பவர் தேதியோடு எத்தனை மணிநேரம் என்பதையும் கேட்க வேண்டும்.

2025 வாஷிங்டன் விபத்துக்கும் குழு அமைப்புக்கும் தொடர்பு உண்டா?

2025 ஜனவரி 29 இரவு, போடோமாக் ஆற்றின் மேல் ராணுவ பிளாக் ஹாக்கும் தரையிறங்க வந்த பயணிகள் ஜெட்டும் மோதி 67 பேர் இறந்தனர். பிளாக் ஹாக்கில் மூவர். கேப்டன் ரேங்க் பைலட் ஒருவர் இரவுக் கண்ணாடியோடு ஆண்டுத் தேர்வில் இருந்தார். அவரை மதிப்பிட்டவர் வாரண்ட் ஆபீசரான ஐ.பி. ஒருவர் க்ரூ சீஃப். தேர்வில் இருந்தவருக்குச் சுமார் 450 மணிநேரம், ஐ.பி.க்குச் சுமார் 970 மணிநேரம். ரேங்க் குறைந்தவரிடம் பொறுப்பு இருந்ததைக் கண்டு பலர் வியந்தார்கள். மேலே சொன்னபடி அது வழக்கமான அமைப்பு.

குழுவை மட்டும் சுட்டிக்காட்டி இந்த விபத்தை விளக்குவது நியாயமாகாது. ஹெலிகாப்டர் வழித்தடம் விமானங்களின் இறங்குபாதைக்கு எவ்வளவு அருகில் போனது, உயரமானி காட்டிய அளவு சரியா என்ற கேள்விகள் விசாரணையின் மையத்துக்கு வந்தன. குழு சேர்ப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. தேர்வுப் பறப்பில் ஐ.பி.யின் கவனம் மாணவரின் கையிலும் வெளியுலகிலுமாகப் பிரிகிறது. நெரிசலான வான்வெளியில் அப்படிப்பட்ட பறப்பை வைக்கலாமா என்று அட்டவணை போடும்போதே கேட்க வேண்டும்.

அனுபவக் குறைவு உண்மையிலேயே பிரச்சினையா?

ஆம். 2024 நிதியாண்டில் அமெரிக்க ராணுவத்தில் மிகக் கடுமையான ஏ வகுப்புப் பறப்பு விபத்துகள் 15. ஒரு லட்சம் பறப்பு மணிநேரத்துக்கு 1.90. பல ஆண்டுகளில் இல்லாத உயரம். போர்க்களத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மணிநேரம் பறந்த தலைமுறை ஓய்வுபெறுகிறது. அவர்கள் இடத்துக்கு வருபவர்கள் குறைந்த மணிநேரத்தோடு பி.சி. ஆகிறார்கள். காகிதத் தகுதி அப்படியே இருக்க, ஜோடியின் மொத்த அனுபவம் இறங்குகிறது. அதனால் யாரோடு யார் என்ற முடிவு முன்னெப்போதையும்விட இப்போது கனமானது.

பி.சி. ஆனபின் என்ன?

வாரண்ட் ஆபீசர் ஒரு துறையைத் தேர்ந்தெடுப்பார்: பயிற்சி பைலட், பராமரிப்புச் சோதனைப் பைலட், பாதுகாப்பு அதிகாரி, அல்லது எதிரி ஆயுதங்களிலிருந்து தப்பும் உத்திகளைக் கையாளும் நிபுணர். பல ஹெலிகாப்டர்கள் ஒன்றாகப் போகும்போது மொத்தப் பணிக்கும் பொறுப்பான ஏர் மிஷன் கமாண்டர் தனிப் பதவி. அவர் தன்னுடைய ஹெலிகாப்டரில் பி.ஐ.யாகவும் இருக்கலாம்: பணி அவருடையது, அந்த ஹெலிகாப்டர் பி.சி.யுடையது.

மற்ற படைகளிலும் இந்தியாவிலும் எப்படி?

அமெரிக்கக் கடற்படையில் இதே படிகளுக்கு எச்.2.பி., எச்.ஏ.சி. என்று பெயர். முதலாவது துணை பைலட், இரண்டாவது ஹெலிகாப்டர் கமாண்டர். இந்தியாவில் ராணுவ ஹெலிகாப்டர் பைலட்கள் எல்லோருமே கமிஷன் பெற்ற அதிகாரிகள். வாரண்ட் ஆபீசர் பைலட் என்ற பிரிவு இல்லை. எனவே அனுபவமும் ரேங்க்கும் அமெரிக்காவைவிட நெருக்கமாகச் சேர்ந்தே நகர்கின்றன. விமானப்படை ஹைதராபாத் அருகே ஹகீம்பேட்டையிலும், ராணுவம் நாசிக்கிலும், கடற்படை அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளியிலும் ஹெலிகாப்டர் பைலட்களை உருவாக்குகின்றன. ராஜாளியில் உள்ள 561ஆவது விமானப் படையணிதான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி.

வேறு பிரிவுக்கு மாறினால் பி.சி. நியமனம் கூடவே வருமா? அதைத் திரும்பப் பெற முடியுமா?

தானாக வராது. அது பழைய கமாண்டரின் நம்பிக்கை. புதிய பிரிவில் பதிவேடுகளைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சோதனைப் பறப்பு வைப்பார்கள், பகலிலும் இரவிலும் அந்தப் பகுதியைச் சுற்றிக் காட்டுவார்கள். அதன்பின் புதிய கமாண்டர் மறுபடி உத்தரவு போட வேண்டும். ஆயிரம் மணிநேரம் உள்ளவர்கள்கூட சில வாரங்கள் பி.ஐ.யாகப் பறப்பது இதனால்தான். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிய ஊரின் கம்பிகளும் பள்ளத்தாக்குக் காற்றும் பழைய மணிநேரத்தில் இல்லை.

கமாண்டர் எப்போது வேண்டுமானாலும் நியமனத்தைத் திரும்பப் பெறலாம். தேர்வில் தோற்றால், 60 நாள் பறக்காமல் இருந்தால், மருத்துவத் தகுதி போனால் பறக்கவே முடியாது. அவற்றைச் சரிசெய்தபின் நியமனம் பெரும்பாலும் திரும்பும். முடிவெடுப்பதில் குறை கண்டு எடுத்திருந்தால், மணிநேரம் சேர்ப்பதால் மட்டும் அது திரும்புவதில்லை. எந்தச் சூழலில் என்ன முடிவு தவறு என்பதை ஐ.பி. எழுதித் தர வேண்டும், அதே வகைச் சூழலில் மறுபடி பறக்க வைத்துப் பார்க்க வேண்டும், கமாண்டர் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.